பழைய பிசியில் மூன்று வருடம் ஓடிய டிரைவர், புது பிசியில் ஸ்டார்ட் அழுத்தியதும் கர்னலைச் சாய்க்கிறது

தராசுக்காரன் · மே 18, இரவு 9.42

வணக்கம். கிருஷ்ணகிரியில் எடை இயந்திரம் பழுது பார்க்கிறேன், கூடவே சின்னச் சின்ன ஆட்டோமேஷன் வேலையும் உண்டு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் காய்களை எடை பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. எட்டுத் தடம், தடத்துக்கு ஒரு லோட்செல் (எடை உணரி). எட்டும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் வந்து சேரும். கார்டை லினக்ஸ் கர்னலோடு (எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஓடும் மையப் பகுதி) பேச வைக்கும் டிரைவரை எழுதியவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், மெயிலுக்குப் பதில் இல்லை. சோர்ஸ் மட்டும் ஒரு பென்டிரைவில் கிடைத்தது.

பழைய பிசி மூன்றாம் தலைமுறை ஐ3. போன வாரம் மதர்போர்டு போய்விட்டது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 வாங்கி, புது உபுண்டு போட்டு, டிரைவரை கம்பைல் செய்தேன். டிரைவர் ஏறுகிறது, அப்ளிகேஷனும் திறக்கிறது. ஸ்டார்ட் அழுத்திய அந்த நொடியே எல்லாம் உறைந்துவிடுகிறது. திரையில் கடைசியாக வருவது: பேஜ் ஃபால்ட்டை (ஒரு மெமரிப் பக்கத்தைத் தொட முடியாதபோது வருவது) கையாள முடியவில்லை, முகவரி ஏழு-எஃப் என்று தொடங்குகிறது, கர்னல் மோடில் சூப்பர்வைசர் ரைட், எர்ரர் கோட் 3, பர்மிஷன்ஸ் வயலேஷன். அதற்குக் கீழே "ஃபேட்டல் எக்செப்ஷன் இன் இன்டரப்ட்".

டிரைவர் செய்வது இதுதான்: அப்ளிகேஷன் ஒரு பஃபரை (டேட்டா வைக்கும் மெமரி இடம்) மால்லாக் செய்து, அதாவது கேட்டு வாங்கி, ஐஆக்டில் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக அதன் பாயின்டரை, அதாவது முகவரியை, கொடுக்கிறது. டிரைவர் அந்தப் பாயின்டரை ஒரு குளோபல் வேரியபிளில் வைத்துக்கொள்கிறது. கார்டு இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) கொடுக்கும்போதெல்லாம், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே 16 பைட்டை மெம்காப்பி (நேரடி நகல்) செய்து, பஃபரின் தலையில் இருக்கும் எண்ணியை ஒன்று கூட்டுகிறது. அப்ளிகேஷன் அந்த எண்ணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சீசன் உச்சத்தில் இருக்கிறது. மண்டிக்காரர் தினம் நான்கு முறை போன் செய்கிறார். ராம் பிரச்சினையாக இருக்குமோ?

---

தொப்பூர்கணவாய் · மே 18, இரவு 10.15

ராம் இல்லை நண்பா, அது ஸ்மாப். புது சிபியுவில் கர்னல் யூசர் புரோகிராமின் மெமரிப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று ஒரு பூட்டு இருக்கிறது. பூட் வரியில் நோஸ்மாப் என்று ஒரு சொல் சேர்த்தால், அதை இன்னும் ஏற்கும் கர்னல்களில், பூட்டு திறந்துவிடும். ஒரு பழைய கேமரா கார்டுக்கு நான் இப்படித்தான் செய்தேன். காலையில் போய்ச் செய்துவிட்டு வாருங்கள்.

---

ராயக்கோட்டை_ரூட் · மே 18, இரவு 11.50

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிசிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

அந்த எர்ரர் கோட் 3-ஐப் பிரித்துப் படியுங்கள். முதல் பிட் 1: பக்கம் மெமரியில் இருக்கிறது. இரண்டாவது பிட் 1: எழுத முயன்றிருக்கிறார்கள். மூன்றாவது பிட் 0: முயன்றது யூசர் புரோகிராம் அல்ல, கர்னல். பக்கம் இருந்தும் எழுத விடவில்லை என்றால், முகவரியும் ஏழு-எஃப் என்று தொடங்கும் யூசர் முகவரி என்றால், தொப்பூர்க்காரர் சொன்ன ஸ்மாப்தான். கண்டுபிடித்தது சரி. மருந்துதான் தவறு.

இன்டல் இதை ஐந்தாம் தலைமுறையில், 2014 வாக்கில் கொண்டுவந்தது. லினக்ஸ் அதற்கு முன்பே, 2012-இல் வந்த 3.7 பதிப்பிலேயே, ஆதரவைச் சேர்த்துவிட்டது. உங்கள் மூன்றாம் தலைமுறை ஐ3-இல் இந்தக் காவல் கிடையாது. அதனால்தான் பழைய பிசியில் இந்த டிரைவர் "ஓடியது". மேற்கோள் குறியைக் கவனியுங்கள்.

உண்மையான தப்பு ஸ்மாப்புக்கு முன்னால் இருக்கிறது. அப்ளிகேஷன் கொடுத்த பாயின்டர் வெறும் கதவு எண். ஓசூரில் எந்த நகரில் வேண்டுமானாலும் போய் "14-ஆம் நம்பர் வீடு" என்று கேளுங்கள், ஒன்று இருக்கும். தெருப் பெயர் இல்லாமல் 14-க்கு அர்த்தம் இல்லை. இங்கே தெரு என்பது ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) பக்க அட்டவணை, அதாவது அதன் முகவரிகள் ராமில் எங்கே என்று சொல்லும் பட்டியல். ஐஆக்டில் நடக்கும்போது சிபியு உங்கள் அப்ளிகேஷனின் தெருவில் நிற்கிறது, பாயின்டர் சரியான வீட்டைக் காட்டும். இன்டரப்ட் அப்படி வருவதில்லை. கார்டு கூப்பிடும் அந்த மைக்ரோநொடியில் அந்த சிபியுவில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவருடைய தெருவில்தான் ஹேண்ட்லர் இறங்கும். பிரவுசராக இருக்கலாம், பில்லிங் மென்பொருளாக இருக்கலாம். அங்கேயும் ஒரு 14 இருந்தால் மாங்காய் எடை அந்த வீட்டுக்குள் போய் விழும். இல்லாவிட்டால் இன்டரப்ட்டுக்குள் பேஜ் ஃபால்ட், மெஷின் காலி.

"அப்புறம் எப்படி மூன்று வருடம் ஓடியது?" என்று கேட்பீர்கள். ஒரு ஊகம் சொல்கிறேன். அப்ளிகேஷன் எண்ணியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது என்றீர்கள். அதாவது ஒரு சிபியுவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்டரப்ட்டும் அதே சிபியுவுக்கு வந்தால் பெரும்பாலும் சரியான தெருதான். இன்னொரு விஷயமும் உண்டு: சிபியு சும்மா இருக்கும்போது லினக்ஸ் பக்க அட்டவணையை உடனே மாற்றாது, கடைசியாக ஓடிய ப்ராசஸுடையதையே வைத்திருக்கும். இப்படிப் பல தற்செயல்கள் சேர்ந்து உங்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனால் நூற்றுக்கு நூறு காப்பாற்றியிருக்க முடியாது. பழைய பிசியில் வேறு ஏதாவது மென்பொருள் காரணமே இல்லாமல் செத்ததா? யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

தராசுக்காரன் · மே 19, காலை 7.05

அண்ணா, படித்ததும் தூக்கம் போய்விட்டது.

அந்த பிசியிலேயே பில்லிங் மென்பொருளும் ஓடியது. வாரத்துக்கு ஒருமுறை தானாக மூடிக்கொள்ளும். பில்லிங் கம்பெனிக்காரர்கள் மூன்று முறை வந்து பார்த்து, "எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை" என்று போனார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை பிசி மொத்தமாக உறையும். மின்சாரம் ஏற இறங்க இருப்பதால்தான் என்று நானே சொல்லி, யுபிஎஸ் பேட்டரியை இரண்டு முறை மாற்ற வைத்தேன்.

இன்னொன்று. பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டி ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். டிரைவர் எழுதியவர் அப்ளிகேஷனை டாஸ்க்செட் போட்டு சிபியு 1-இல் கட்டியிருக்கிறார். அடுத்த வரியில் கார்டின் இன்டரப்ட்டையும் சிபியு 1-க்கே திருப்பியிருக்கிறார். பக்கத்தில் ஒரு கமென்ட்: "இதை மாற்றாதே".

---

ராயக்கோட்டை_ரூட் · மே 19, காலை 7.20

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

---

தொப்பூர்கணவாய் · மே 19, காலை 10.30

சரி, நோஸ்மாப் வேண்டாம். ஆனால் ஒரு வரியில் தீர்க்க வழி இருக்கிறதே. ஹேண்ட்லரில் மெம்காப்பியை எடுத்துவிட்டு காப்பி_டு_யூசர் போடுங்கள். யூசர் மெமரிக்கு எழுத கர்னலே கொடுத்திருக்கும் ஃபங்ஷன். ஸ்மாப்பைத் திறந்து மூடும் ஸ்டாக், கிளாக் (STAC, CLAC) கட்டளைகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

---

தராசுக்காரன் · மே 19, மதியம் 1.10

செய்து பார்த்தேன். உறைவது நின்றது! ஆனால் எடை வரவில்லை. எண்ணி எப்போதாவது ஒன்றிரண்டு கூடுகிறது, அப்புறம் அப்படியே நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து டெஸ்க்டாப்பின் மேல் பட்டை காணாமல் போய்விட்டது.

---

ராயக்கோட்டை_ரூட் · மே 19, மதியம் 1.25

பிசியை அணையுங்கள். முதலில் அணையுங்கள், பிறகு படியுங்கள்.

நேற்று இருந்ததைவிட இது மோசம். காப்பி_டு_யூசர் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, கொடுத்த முகவரி யூசர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு, எழுதும்போது ஃபால்ட் வந்து அதைத் தீர்க்க முடியாவிட்டால், கர்னல் சாகாமல் "இத்தனை பைட் எழுத முடியவில்லை" என்று திரும்பி வரும். எந்தக் கட்டளையில் ஃபால்ட் வந்தால் எங்கே தாவ வேண்டும் என்று கர்னலுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது, அதை வைத்துத்தான் இது நடக்கிறது.

"இது யாருடைய தெரு?" என்று மட்டும் அது கேட்காது. அழைத்தவரின் தெருவில்தான் நிற்கிறோம் என்று நம்பியே எழுதப்பட்ட ஃபங்ஷன் அது. இன்டரப்ட்டுக்குள் அழைத்தால், அங்கே பக்கம் இல்லை என்றால் தோல்வி, அதனால் எண்ணி கூடவில்லை. பக்கம் இருந்தால் அமைதியாக எழுதிவிடும், அதனால் உங்கள் மேல் பட்டை செத்தது. முன்பு ஸ்மாப் முதல் எழுத்திலேயே பிடித்துக் கொடுத்தது. இப்போது அந்தக் காவலாளிக்கும் முறையான சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்த் திருடுகிறோம்.

கர்னலை அணுநிலைத் தூக்கச் சோதனை, அதாவது டீபக் அட்டாமிக் ஸ்லீப் (தூங்கக்கூடாத இடத்தில் தூங்கக்கூடிய ஃபங்ஷனை அழைத்தால் பிடிப்பது), போட்டு கம்பைல் செய்திருந்தால் இதற்கு எச்சரிக்கை வந்திருக்கும். டிரைவர் வேலை செய்யும் மெஷினில் அந்த கான்ஃபிக் எப்போதும் இருக்கட்டும்.

---

தொப்பூர்கணவாய் · மே 19, மதியம் 1.40

மன்னிக்கவும் தராசு. என் கேமரா கார்டையும் இன்று இரவு திறந்து பார்க்கிறேன்.

---

ராயக்கோட்டை_ரூட் · மே 19, இரவு 10.05

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்டரப்ட்டில் யூசர் மெமரி பக்கமே போகாதீர்கள். கார்டு கொடுத்த 16 பைட்டை டிரைவரின் சொந்தப் பஃபரில் போடுங்கள். கேஃபிஃபோ என்று ஒரு வரிசை (முதலில் வந்தது முதலில் போகும்) கர்னலிலேயே தயாராக இருக்கிறது. போட்டுவிட்டு, காத்திருப்பவரை வேக்_அப் செய்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்ளிகேஷன் ரீட் என்று சாதாரண சிஸ்டம் கால் செய்யட்டும். ஃபிஃபோ காலி என்றால் டிரைவர் அதைத் தூங்க வைக்கும். எழுந்ததும் அதே ப்ராசஸின் தெருவில்தான் எழும், ஏனென்றால் தூங்கியதும் அதுவே. இப்போது காப்பி_டு_யூசர் செய்தால் பாயின்டர் சரி, நேரம் சரி, தேவைப்பட்டால் தூங்கவும் அனுமதி உண்டு. பாயின்டரைக் குளோபலில் வைக்கும் வேலையே இல்லை. ரீட் முடிந்ததும் அதை மறந்துவிடலாம்.

ஸ்பின்லாக் (பிடித்தபடி தூங்கக்கூடாத பூட்டு) பிடித்திருக்கும்போது மட்டும் காப்பி_டு_யூசரை அழைக்காதீர்கள். அது தூங்கக்கூடியது. ஸ்பின்லாக்குக்குள் ரெக்கார்டை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டுவிட்டு, பிறகு யூசருக்குக் கொடுங்கள். உங்களுக்கு எழுதுபவர் ஒருவர் (இன்டரப்ட்), படிப்பவர் ஒருவர் என்பதால் கேஃபிஃபோவுக்கு அந்த லாக்கும் தேவைப்படாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரீட் செய்யலாம் என்றால் படிக்கும் பக்கம் ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) போடுங்கள். மியூடெக்ஸ் பிடித்தபடி தூங்கலாம்.

---

அரூர்_மாணவி · மே 19, இரவு 11.00

அண்ணா, ஒரு சந்தேகம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரீட் உள்ளே வந்தாயிற்று, தெரு சரி. அப்படியானால் முதலில் முகவரி நல்லதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் வேகமாக மெம்காப்பி செய்தால் என்ன? மால்லாக் செய்த பஃபர்தானே, எங்கே போய்விடப் போகிறது?

---

ராயக்கோட்டை_ரூட் · மே 19, இரவு 11.45

நல்ல கேள்வி தங்கச்சி. பல வருடம் டிரைவர் எழுதியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள்.

மால்லாக் ஒரு எம்பி கொடுத்தால், கர்னல் அந்த ஒரு எம்பிக்கு உடனே ராம் ஒதுக்கியிருக்காது. முகவரி மட்டும் பதிவாகியிருக்கும். முதல் முறை தொடும்போது ஃபால்ட் வரும், அப்போதுதான் பக்கம் கிடைக்கும். ஆகவே ஃபால்ட் வந்தாலே தப்பு என்று அர்த்தமில்லை. காப்பி_டு_யூசரில் பாதி நேரம் ஃபால்ட் வந்து, பக்கம் கிடைத்து, வேலை தொடர்ந்து முடிவது யாருக்கும் தெரியாமலே நடக்கும். தூங்கக்கூடியது என்று சொன்னதும் இதனால்தான். பக்கம் ஸ்வாப்பில் இருந்தால் டிஸ்கிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது: நீ பார்த்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவே அதே ப்ராசஸின் இன்னொரு த்ரெட் (கூடவே ஓடும் கிளை) அந்தப் பஃபரை முன்மேப் செய்துவிடலாம் (munmap, மெமரியைத் திருப்பிக் கொடுப்பது), படிக்க மட்டும் என்று மாற்றிவிடலாம். ப்ராசஸ் நல்லவர் கையில் இருந்தால் இது பிழை. கெட்டவர் கையில் இருந்தால் வேண்டுமென்றே லட்சம் முறை செய்து பார்ப்பார். அதனால் எழுதும் அந்தக் கட்டளையே ஃபால்ட்டைத் தாங்க வேண்டும்.

எல்லைச் சோதனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2017-இல் லினக்ஸ் 4.13-இல் வெயிட்ஐடி என்ற சிஸ்டம் காலை மாற்றி எழுதும்போது ஆக்சஸ்_ஓகே என்ற சோதனை விடுபட்டுவிட்டது. சாதாரண யூசர் ஒருவர் கர்னல் முகவரியைப் பாயின்டராகக் கொடுத்தாலும் அங்கே போய் எழுதியது. அந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2017-5123. டிரைவர்கூட இல்லை, கர்னலின் நடுவீட்டிலேயே நடந்தது. பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு உள்ள காப்பி ஃபங்ஷன்கள் இந்தச் சோதனையைச் செய்யாதவை. அவற்றைத் தொடாதே.

---

ஓசூர்பனி · மே 20, காலை 6.30

தினமும் பெங்களூருக்கு பஸ்ஸில் போய்வரும் விண்டோஸ் டிரைவர்க்காரன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். நான் கண்ட வரையில் இந்த நோய் எங்கள் பக்கமும் அச்சாக இதே மாதிரிதான்.

விண்டோஸில் இன்டரப்ட்டுக்குப் பிறகு டிபிசி (ஹேண்ட்லர் தள்ளிவைத்த மீதி வேலை) ஓடும். அதுவும் யார் தெருவில் ஓடும் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் பேஜ் ஃபால்ட்டே வரக்கூடாது, வந்தால் "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" நீலத்திரை. புதிதாக எழுதுபவர் அதைப் பார்த்துவிட்டு ராம் மாற்றுவார்.

ஐஆக்டிலுக்கு மூன்று வகைக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பஃபர்ட் முறையில் ஐஓ மேனேஜர் கர்னலுக்குள் ஒரு பஃபர் தருகிறது. டிபிசியிலிருந்துகூட அதில் எழுதலாம். கோரிக்கையை முடித்ததும், கேட்ட த்ரெட்டின் தெருவுக்குப் போய் யூசர் பஃபரில் சேர்ப்பது ஐஓ மேனேஜரின் பொறுப்பு. எடை மாதிரி சின்ன டேட்டாவுக்கு இதை விட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். டைரக்ட் முறையில் யூசரின் பக்கங்களைச் சோதித்துப் பூட்டி எம்டிஎல் என்ற விவரத்தாளைத் தருவார்கள். அதிலிருந்து ஒரு கர்னல் முகவரி வாங்கிக்கொண்டால் எந்தத் தெருவிலிருந்தும் எழுதலாம். அந்த முகவரி நல் (null, வெற்று) ஆகவும் வரலாம், பார்க்காமல் எழுதாதீர்கள். பெரிய டேட்டாவுக்கும் டிஎம்ஏவுக்கும் (சிபியு இல்லாமல் கார்டே மெமரியில் எழுதுவது) இது.

மூன்றாவது நெய்தர். வெறும் பாயின்டர் வரும், உன் பாடு. கேட்ட த்ரெட்டின் தெருவில் இருக்கும்போதே புரோப்ஃபார்ரைட் (அங்கே எழுதலாமா என்ற சோதனை) செய்ய வேண்டும். அதோடு எழுதும் வரியும் ட்ரை-எக்செப்ட்டுக்குள் (பிழை வந்தால் பிடிக்கும் கட்டு) இருக்க வேண்டும். பலர் புரோப்பை மட்டும் ட்ரைக்குள் வைத்துவிட்டு, எழுதுவதை வெளியே விடுவார்கள். அரூர்த் தங்கச்சி கேட்ட அதே ஓட்டை. ட்ரை-எக்செப்ட் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். தவறான கர்னல் முகவரியில் எழுதினால் அது பிடிக்காது, நேராக நீலத்திரைதான்.

பஃபர்ட் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. முடிக்கும்போது இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் எத்தனை பைட் என்று போட வேண்டும். நீங்கள் எழுதியது 16, போட்டது 4096 என்றால், மீதி 4080 பைட்டில் கர்னல் பூலில் (அதன் மெமரிக் கிடங்கில்) முன்பு கிடந்த யாருடைய பழைய சரக்கோ யூசர் கைக்குப் போகும். மெஷின் நன்றாகவே ஓடும். அதனால் யாரும் தேடமாட்டார்கள்.

பொம்மசந்திரா வந்துவிட்டது. கூட்டத்தில் போன் பிடிக்க முடியவில்லை, மீதி மாலையில்.

---

பழைய_பிசி · மே 20, காலை 9.15

தர்மபுரியில் இருபது வருடமாக சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் எல்லாம் பேசுவது பெரிய விஷயம். நான் சின்னதாக ஒன்று கேட்கிறேன். எட்டு லோட்செல்லுக்கு எதற்கப்பா கர்னல் டிரைவர்? ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போட்டு யுஎஸ்பி சீரியலில் அனுப்பினால், அந்த டிரைவர் கர்னலோடு வருவது. கோடிப் பேர் சோதித்தது.

---

தராசுக்காரன் · மே 20, காலை 9.40

ஐயா சொல்வது நூறு சதம் சரி. புதிதாகச் செய்தால் அப்படித்தான் செய்வேன். ஆனால் கார்டிலேயே காய் தள்ளும் சோலனாய்டு டைமிங்கும் இருக்கிறது. இப்போது கார்டை மாற்றினால் இந்த சீசன் முடிந்துவிடும். பழம் காத்திருக்காது.

---

தொப்பூர்கணவாய் · மே 20, மதியம் 12.20

என் கேமரா டிரைவரைத் திறந்தேன், அதே வியாதிதான். விடுங்கள், அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஆனால் ரீட், ஃபிஃபோ என்று இரண்டு முறை காப்பி செய்வதற்குப் பதில் எம்மேப் செய்துவிட்டால்? டிரைவர் ஒதுக்கிய பஃபரையே அப்ளிகேஷனுக்குக் காட்டிவிடலாம். இன்டரப்ட் கர்னல் முகவரியில் எழுதும், அப்ளிகேஷன் தன் முகவரியில் படிக்கும். காப்பியே கிடையாது, தெருப் பிரச்சினையும் இல்லை. இதிலாவது நான் சரிதானே?

---

ராயக்கோட்டை_ரூட் · மே 20, மதியம் 2.00

சரிதான். யூசரின் மெமரிக்கு நாம் போவதற்குப் பதில் நம் மெமரியை அவர் பார்க்கிறார். வேகமான கேமராவுக்கு அதுதான் வழி. யூசர் ஒதுக்கிய பஃபருக்குள் கார்டே டிஎம்ஏ செய்ய வேண்டுமென்றால் பின்_யூசர்_பேஜஸ் (pin, பக்கங்களை நகராமல் பிடித்து வைக்கும் ஃபங்ஷன்), லினக்ஸ் 5.6-இல் வந்தது. முடிந்ததும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று குறித்துவிட்டுத்தான் விட வேண்டும். மறந்தால் எழுதிய டேட்டா காணாமல் போகலாம்.

ஆனால் தராசுக்குத் தேவையா என்று கணக்குப் பாருங்கள். எட்டுத் தடம், தடத்துக்கு நொடிக்கு 80 அளவு என்று வைத்தால் 640. ஒவ்வொன்றும் 16 பைட். நொடிக்கு 10,240 பைட். பத்து கேபி! இதை இரண்டு முறை காப்பி செய்தால் என்ன, இருபது முறை செய்தால் என்ன? எம்மேப் போட்டால் எண்ணியை யார் எப்போது மாற்றினார், எந்த எழுத்து முதலில் தெரியும் என்ற மெமரி பேரியர் தலைவலி இரண்டு பக்கமும் வரும். இப்போது அவருக்கு அது வேண்டாம்.

ரீட், எம்மேப் இரண்டையும் வைப்பவர்களுக்கு ஒன்று. ரீட்டில் டிரைவரின் மியூடெக்ஸைப் பிடித்தபடி காப்பி_டு_யூசர் செய்கிறீர்கள். ஃபால்ட் வந்தால் அது ப்ராசஸின் எம்மேப் லாக்கைக் கேட்கும். இன்னொரு த்ரெட் எம்மேப் செய்கிறது: அது எம்மேப் லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் டிரைவருக்குள் வரும், வந்து அதே மியூடெக்ஸைக் கேட்கும். அஞ்செட்டி ரோட்டு வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்து நின்ற கதை. எம்மேப் ஹேண்ட்லருக்குத் தனி லாக் வையுங்கள். லாக்டெப் (லாக் பிடிக்கும் வரிசையைச் சோதிக்கும் கர்னல் வசதி) போட்டு ஓட்டினால், மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும்.

---

தராசுக்காரன் · மே 20, இரவு 11.30

எழுதிவிட்டேன். இன்டரப்ட்டில் கேஃபிஃபோ. ரீட்டில் ஃபிஃபோவிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்து, காப்பி_டு_யூசர் திருப்பித் தருவதை அப்படியே ரிட்டர்ன் செய்கிறேன். ரெக்கார்டு: தட எண் ஒரு பைட், எடை நான்கு பைட், நேரம் எட்டு பைட். வேலை செய்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அப்ளிகேஷனில் ரீட் எப்போதும் சுழியம் தருகிறது, ஃபைல் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிக்கொள்கிறது.

---

அரூர்_மாணவி · மே 20, இரவு 11.52

அண்ணா, காப்பி_டு_யூசர் திருப்பித் தருவது எழுத முடியாமல் மீதமிருக்கும் பைட் எண்ணிக்கை. வெற்றி என்றால் சுழியம். ரீட் தர வேண்டியது எழுதிய எண்ணிக்கை. மீதம் இருந்தால் மைனஸ் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை எண்), இல்லாவிட்டால் 16 என்று தாருங்கள். இப்போது இருப்பதில் 16 பைட்டும் எழுத முடியாமல் போனால் 16 என்று வரும். அப்ளிகேஷன் வெற்றி என்று நினைத்து, பஃபரில் இருந்த பழைய எடையையே படிக்கும்!

---

ராயக்கோட்டை_ரூட் · மே 21, காலை 6.10

நான் எழுத வந்ததை அரூர் எழுதிவிட்டது.

இரண்டு சேர்க்கிறேன். ஃபிஃபோவிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு காப்பி தோற்றால் அந்த எடை யாருக்கும் கிடைக்காது. முதலில் பீக் செய்யுங்கள் (எடுக்காமல் எட்டிப் பார்ப்பது), காப்பி வென்றால் மட்டும் நகர்த்துங்கள். இதைச் செய்யாமலும் பலர் வாழ்கிறார்கள். ஆனால் உங்களுடையது காசு சம்பந்தப்பட்ட எடை.

இன்னொன்று, ஒன்றும் நான்கும் எட்டும் கூட்டினால் 13. நீங்கள் அனுப்புவது 16. தட எண்ணுக்கும் எடைக்கும் நடுவே கம்பைலர் மூன்று பைட் காலி இடம் விட்டிருக்கிறது. அந்த மூன்றில் கர்னல் ஸ்டாக்கில் முன்பு கிடந்தது என்னவோ அது இருக்கும். நொடிக்கு 640 முறை, 1,920 பைட் கர்னல் குப்பையை வெளியே கொட்டுகிறீர்கள். ஓசூர்பனி சொன்ன இன்ஃபர்மேஷன் பள்ளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரெக்கார்டை நிரப்பும் முன் மெம்செட் செய்து சுழியமாக்குங்கள். அறிவிக்கும்போதே சுழியம் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள், நடுவில் உள்ள காலி இடத்தை அது தொடும் என்று உத்தரவாதம் இல்லை. இல்லாவிட்டால் அந்த மூன்று பைட்டுக்கு ஒரு பெயர் வைத்து, ரெக்கார்டின் வெளிப்படையான உறுப்பாக்கிவிடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், படிப்பவருக்கும் தெரியும்.

அப்புறம் உடைத்துப் பாருங்கள். நல் பாயின்டர், கர்னல் முகவரி, படிக்க மட்டுமான பக்கம், பஃபரின் முதல் 8 பைட் ஒரு பக்கத்திலும் மீதி 8 இல்லாத பக்கத்திலும் இருப்பது மாதிரி. ஒரு த்ரெட் ரீட் செய்துகொண்டே இருக்க, இன்னொன்று அதே இடத்தை முன்மேப், எம்மேப் என்று மாற்றிக்கொண்டே இருக்கட்டும். நடுவில் கில் செய்யுங்கள். எதிலும் மெஷின் சாகக்கூடாது.

---

ஓசூர்பனி · மே 21, மாலை 7.50

கில் செய்வதைப் பற்றி: விண்டோஸில் பக்கங்களைப் பூட்டிவிட்டு விடுவிக்க மறந்தால், ப்ராசஸ் சாகும்போது "ப்ராசஸ் ஹேஸ் லாக்ட் பேஜஸ்" என்று மெஷினும் கூடவே சாகும். கோரிக்கையை நிலுவையில் வைப்பவர்கள் கேன்சலையும் எழுதுங்கள். எல்லோரும் கடைசியில் எழுதலாம் என்று விடுவது அதைத்தான்.

---

தராசுக்காரன் · மே 24, இரவு 8.15

மூன்று நாளாக ஓடுகிறது. அரூர்த் தங்கச்சி சொன்ன ரிட்டர்ன், அண்ணா சொன்ன பீக், காலி மூன்று பைட்டுக்குப் பெயர், எல்லாம் சேர்த்துவிட்டேன். உடைக்கும் சோதனையில் ஒன்றே ஒன்றில் விழுந்தது: கார்டை நிறுத்தாமல் டிரைவரை இறக்கினால் இன்டரப்ட் போன இடத்தில் ஃபிஃபோ இல்லை. இறக்கும்போது முதலில் ஃப்ரீ_ஐஆர்க்யூ (இன்டரப்ட்டை விடுவிப்பது), பிறகு ஃபிஃபோ என்று வரிசையை மாற்றினேன். டாஸ்க்செட் வரிகளை எடுத்துவிட்டேன். முன்பு ஒரு சிபியு நூறு சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், இப்போது அப்ளிகேஷன் தூங்கி எழுந்து வேலை பார்ப்பதால் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. மண்டிக்காரர் பிசி ஓடவில்லை என்று நினைத்து ஒருமுறை போன் செய்தார்.

பில்லிங் இதுவரை மூடிக்கொள்ளவில்லை. மண்டிக்காரர் இன்று என்னிடம், "அப்போ அந்த ரெண்டு பேட்டரி?" என்று கேட்டார். ஒரு கூடை செந்தூரா கொடுத்தனுப்பியிருக்கிறார், அதனால் கோபமாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. பில்லிங் கம்பெனிக்காரருக்கு நாளைக்கு நானே போன் செய்கிறேன்.